காந்தச் சுருளும் கட்டைவிரலும்

"அது கரண்டுதானே தம்பி?"

அக்கா கேட்டது இவ்வளவுதான். ஜாசினில் அவளுடைய தாமான் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மருமகன் கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நாற்காலியில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்ததுபோல ஒரு சுருள் அவள் தலைமேல் இருக்கிறது. டக் டக் டக் என்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரி சத்தம். அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு மூன்று வகை மாத்திரை மாற்றியும் மனச்சோர்வு விடவில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் படுக்கை. கோலாலம்பூர் மருத்துவர் இந்தக் காந்த சிகிச்சையைச் செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

மருமகன், "காந்தம்மா, கரண்டு இல்ல. அப்படித்தானே மாமா?" என்று என் பக்கம் திரும்பினான்.

நான் உடனே தலையாட்டவில்லை. அக்கா எதை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

1967இல் பெரியப்பாவை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர் வாயில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றாலே பைத்தியம் என்று பொருள். பேராக்கில் அந்த மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. அதன்பின் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பெரியப்பா போனது அங்கே அல்ல, வேறோர் இடம். பெயர் இங்கே வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவருக்குத் தன் நிரையில் எத்தனை மரம் என்பது மறந்துபோயிருந்தது. லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்வாராம்: "நாம வெட்டுன ரப்பரத்தான் ஆயி என் வாயில வச்சி கடிக்கச் சொன்னானுங்க. அப்பறம் கரண்டு விட்டானுங்க." அப்போது அக்காவுக்கு ஏழு வயது. இன்று அறுபது தாண்டிவிட்டது. 'தலைக்குச் சிகிச்சை' என்று சொன்னவுடன் அவள் வாய் தானாக இறுகுவதைப் பார்த்தேன்.

அவள் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து போக முடியவில்லை. அந்த மாதம் முழுக்க இதைப் பற்றியே படித்தேன். படித்ததில் பாதி எங்கள் தோட்டத்துச் சடக்கிலேயே கொண்டுவந்து விட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் அக்காவின் கேள்வி. பதில்: ஆமாம், கரண்டுதான். ஆனால் வெளியிலிருந்து கம்பி வழியாக உள்ளே போகும் கரண்டு அல்ல. 1831 ஆகஸ்டு 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தைப் போட்டபோதும் நிறுத்தியபோதும், அதைத் தொடாமலே இருந்த மற்றதில் ஒரு கணம் மின்சாரம் ஓடியது. காந்தம் சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. அது மாறும்போது, ஏறும்போது, இறங்கும்போது பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்சாரம் பிறக்கிறது. உப்புநீரில் ஊறிய மூளையும் ஒரு கடத்தி. சுருளில் சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ச்சி நிறுத்தினால், ஏறக்குறைய இரண்டு டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து அடங்கும். மண்டை ஓடு மின்சாரத்துக்குத் தடை, காந்தத்துக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. புலம் ஓட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மூளைக்குள்ளேயே சிறு மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அந்த இடத்து நரம்பணுக்கள் சுடுகின்றன. டிஎம்எஸ் என்று சொல்லும் காந்தத் தூண்டலின் அடிப்படை இவ்வளவே.

ஃபாரடே என்றதும் எனக்குப் பள்ளிப் பாடம்தான் ஞாபகம் வந்தது. அவருக்கும் மலாயாவுக்கும் ஒரு தொடுப்பு உண்டு என்பது இப்போதுதான் தெரிந்தது. சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மோன்ட்கொமரி என்ற மருத்துவர், மலாய்க்காரர்கள் பாராங் பிடிக்கு ஒரு பிசினைப் பயன்படுத்துவதைக் கவனித்தார். வெந்நீரில் இளகும், ஆறினால் கல்லாகும். 1843இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கெத்தா பெர்ச்சா என்று உலகம் சொல்வது அதைத்தான். 1848இல் ஃபாரடே அதைச் சோதித்து, மின்காப்புக்கு மிக நல்ல பொருள் என்று எழுதினார். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போட்டபோது மேலே பூசியது இந்தப் பிசின்தான். பிறகு உலகக் கடல்களின் அடியிலெல்லாம் நம் காட்டு மரத்தின் பால் போர்வையாகக் கிடந்தது. ரப்பர் மரத்தைப்போல இதைச் சீவிப் பால் எடுப்பதில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். காடு காடாக அழிந்தது. கம்பிச் சுருள், மின்துடிப்பு என்று இந்தத் துறை நிற்கும் தொழில்நுட்பத்துக்கு மின்காப்பும் ஓர் அடிப்படை.

அடுத்தது என்னை எழுந்து நடக்கவைத்த ஆண்டு: 1896.

மலாக்காவில் பிறந்த தான் சாய் யான், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் பேச்சைக் கேட்டு, புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சுமாருக்கு ரப்பர் நட்டது அந்த ஆண்டு. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுதான் முதல் தடவை. ஊரெங்கும் எல்லாரும் ரிட்லியைக் 'கிறுக்கு ரிட்லி' என்று கேலி பேசிக்கொண்டிருந்த காலம். சாய் யான் பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிதாக நட்டார். நம் ஆட்கள் கப்பலேறி வந்ததற்கும், இன்று மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கும் வேர் அங்கேதான். புக்கிட் லிந்தாங் பெயரிலேயே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் உண்டு.

அதே 1896இல் பாரிஸில் ஆர்சேன் தார்சோன்வால் என்ற மருத்துவர் ஒரு பெரிய கம்பிச் சுருளுக்குள் தலையை விட்டு மாறுமின்சாரத்தைப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தும் வெளிச்சம் மினுக்கியது, தலை சுற்றியது என்று அறிவித்தார். காந்தத்தால் மனித நரம்பு மண்டலத்தைத் தொட்டதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு அது. புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டவனுக்கும் பாரிஸில் சுருளுக்குள் தலையை விட்டவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வலிந்து தொடர்பு கட்டவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு விடிகாலை நாலரைக்குப் பெரட்டுக்குப் போன என் பாட்டனின் பாட்டனுக்கு அந்த ஆண்டுதான் விதி எழுதப்பட்டது என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்சன் இதையே செய்து பார்த்தார். கணிதம் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். நுண்கணிதத்தை எளிதாகச் சொல்லித்தரும் அந்தப் புகழ்பெற்ற சிறு நூலை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். ஆனால் தார்சோன்வாலும் தாம்சனும் கண்ட வெளிச்சம் பெரும்பாலும் மூளையிலிருந்து வந்ததல்ல. விழித்திரையைத்தான் காந்தம் தொட்டது என்பது இன்றைய கருத்து. மூளையைத் தொடும் அளவுக்குக் குறுகிய, வலுவான துடிப்பைத் தரும் மின்கருவி அப்போது இல்லை. அதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது.

இடையில் நடந்ததை ஓடிக் கடக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண் குறுக்கே நின்றுவிட்டாள்.

1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாய்களின் மூளையில் மின்சாரம் கொடுத்து எதிர்ப்பக்கத்துக் கால் துடிப்பதைக் கண்டார்கள். மூளையின் மேற்பரப்பில் அசைவுக்கென்று ஓர் இடம் இருப்பது அப்போது உறுதியானது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1874இல், அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட்ஸ் பார்த்தலோ அதையே மனிதரிடம் செய்தார். மேரி ராஃபர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண், வீட்டு வேலைக்காரி. புற்று அரித்து மண்டை ஓட்டில் துளை விழுந்திருந்தது. அந்தத் துளை வழியாக ஊசிகளை மூளையில் செருகி மின்சாரம் விட்டார். கை துடித்தது. இன்னும் கூட்டினார். அவளுக்கு வலிப்பு வந்தது. சில நாளில் இறந்தாள். அவள் ஒப்புக்கொண்டாள் என்று பார்த்தலோ எழுதினார். அந்த ஒப்புதல் எப்படிப்பட்டது என்று அன்றே மருத்துவர்கள் கேட்டார்கள். பிற்பாடு அவரே வருத்தம் தெரிவித்தார். பிழைக்க வந்த நாட்டில், கூலி வேலையில், கேட்க ஆளில்லாத ஒரு தலை. பெரியப்பாவுடைய தலையும் அப்படித்தான்.

மின்னதிர்ச்சி சிகிச்சையை 1938இல் ரோமில் செர்லெத்தியும் பினியும் தொடங்கினார்கள். முதல் நோயாளி ரயில் நிலையத்தில் அலைந்துகொண்டிருந்த, பேச்சு குழம்பிய ஒருவர். இங்கே நியாயமாகப் பேச வேண்டும். மயக்கமருந்தும் தசைத்தளர்ப்பு மருந்தும் கொடுத்துச் செய்யப்படும் இன்றைய மின்னதிர்ச்சி, கடும் மனச்சோர்வுக்கு இருக்கும் சிகிச்சைகளில் மிக வலுவானவற்றில் ஒன்று. பலரைத் தற்கொலையிலிருந்து மீட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு நடந்தது, மயக்கம் கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், லயத்திலிருந்து வந்தவருக்கு விளக்கம் எதற்கு என்ற நினைப்பில். கரண்டைவிட அந்த நினைப்பைத்தான் அக்கா இத்தனை வருடம் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

1980இல் லண்டனில் மெர்ட்டனும் மோர்ட்டனும் ஓட்டைத் திறக்காமலே மின்முனை வைத்து, விழித்திருக்கும் மனிதரின் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். வேலை செய்தது, ஆனால் வலித்தது. தலைத்தோலின் தசைகள் வெட்டி இழுத்தன. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகள் ஜாலினஸ், ஃபிரீஸ்டனும் காந்தச் சுருளைக் கொண்டு அதையே வலியில்லாமல் செய்தார்கள். தலைமேல் சுருள், ஒரு சொடுக்கு, எதிர்க்கையில் விரல் துடிக்கிறது. 'லான்செட்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது. தார்சோன்வால் தேடியது எண்பத்தொன்பது வருடம் கழித்துக் கிடைத்தது.

ஆனால் சுருள் தொடுவது ஓர் இடத்தை. தொட்டதால் உள்ளே என்ன நடந்தது? விரல் துடித்தால் தெரியும். நெற்றிக்குப் பின்னால் தொட்டால் எதுவும் துடிக்காதே!

இங்கே இன்னொரு வரலாறு வந்து சேர்கிறது, இரத்தத்தின் வரலாறு. 1880 வாக்கில் இத்தாலியில் ஆஞ்செலோ மோஸோ, பெர்த்தினோ என்ற விவசாயியைக் கண்டார். அவருக்கும் மண்டை ஓட்டில் ஒரு துளை. அதன் வழியே மூளையின் துடிப்பைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. துடிப்பு உயர்ந்தது. மணி கேட்டு வேண்டுதல் ஞாபகம் வந்ததா என்று மோஸோ கேட்டார். கேட்டதுமே மறுபடி உயர்ந்தது. நினைக்கும்போது மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது. 1936இல் பாலிங்கும் கோரியலும், உயிர்வளியோடு இருக்கும் ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தத்துக்கு வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று கண்டார்கள். அதை வைத்து 1990இல் செய்ஜி ஒகாவா, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், எலியின் மூளையைக் காந்தப் படத்தில் எடுத்து இரத்தத்தின் உயிர்வளி நிலையைப் படிக்க முடியும் என்று காட்டினார். 1992இல் மனித மூளையிலும் அதைச் செய்துவிட்டார்கள். எஃப்எம்ஆர்ஐ பிறந்தது. விவசாயி, எலி, ஜப்பானிய விஞ்ஞானி. வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் படம் மட்டும் பார்ப்பதில் ஒரு பொல்லாப்பு உண்டு. தோட்டத்து ஆள் அதைச் சுலபமாகப் புரிந்துகொள்வான். விடிகாலையில் மேட்டில் நின்று லயத்தைப் பாருங்கள். இந்த வீட்டில் விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் எரிகிறது, பிறகு கோடி வீட்டில். தினமும் இப்படியே. இந்த வீட்டுக்காரர்தான் அந்த வீட்டை எழுப்புகிறாரா? இல்லை, பெரட்டு மணி எல்லாரையும் எழுப்புகிறதா? எத்தனை நாள் நின்று பார்த்தாலும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் நடுராத்திரியில் இறங்கிப்போய் ஒரே ஒரு கதவைத் தட்ட வேண்டும். அடுத்து எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். எஃப்எம்ஆர்ஐ மேட்டில் நின்று பார்ப்பது. காந்தத் தூண்டல் கதவைத் தட்டுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத்தான் ஆசைப்பட்டார்கள்.

எளிதாக இல்லை. படமெடுக்கும் குழாய்க்குள் ஏற்கெனவே ஒன்றரை, மூன்று டெஸ்லா காந்தம் எந்நேரமும் நிற்கிறது. அதற்குள் இன்னொரு காந்தத் துடிப்பை வெடிக்கவைப்பது என்றால், சுருளை ஒரு விசை முறுக்கித் தள்ளும். சாதாரணச் சுருள் தாங்காது, சத்தம் காதைக் கிழிக்கும். அதில் இரும்பு துளியும் இருக்கக்கூடாது. மின்சாரம் தரும் பெட்டி அறைக்கு வெளியே நிற்க, கம்பி மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அந்தக் கம்பியே வானொலி அலைவாங்கி மாதிரி இரைச்சலைக் கொண்டுவந்து படத்தைக் கெடுக்கும். துடிப்பு எழும் கணத்தில் படம் எடுத்தால் படம் பாழ். தப்பிக்க ஒரு வழி இருந்தது. இரத்தம் மெதுவானது. நரம்பணு சுட்டு நாலைந்து வினாடி கழித்துத்தான் இரத்தம் உச்சத்துக்கு வரும். அதனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் துடிப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு நிதானமாகப் படம் பிடிக்கலாம். மாறி மாறி.

1997இல் மொன்ட்ரியாலில் தோமாஷ் பாவுஸ் குழுவும், டெக்சாஸில் பீட்டர் ஃபாக்ஸ் குழுவும் கதிரியக்கப் படமான பெட் ஸ்கேனோடு காந்தத் தூண்டலைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொட்ட இடம் ஒன்று, விளக்கெரிந்த இடம் பல. 1998இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் டேரில் போனிங்கும் மார்க் ஜார்ஜும் குழாய்க்குள்ளேயே சுருளை வைத்து எஃப்எம்ஆர்ஐயோடு சேர்த்தார்கள். கட்டைவிரலை அசைக்கும் இடத்தைத் தட்டினார்கள். அந்த இடம் ஒளிர்ந்தது, வேறு இடங்களும் ஒளிர்ந்தன. உடனே ஒரு சந்தேகம் வந்தது. துடித்த விரலை மூளை உணர்கிறதே, அதனால் எழுந்த ஒளியாக இருந்தால்? 2004இல் ஸ்வென் பெஸ்ட்மான் குழு, விரல் அசையாத அளவுக்குத் துடிப்பைக் குறைத்துத் தட்டிப் பார்த்தது. விரல் அசையாமலே தூரத்து இடங்களில் மாற்றம் தெரிந்தது. கதவு தட்டிய சத்தம் லயத்தின் கோடிவரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

தமிழ் வாசகருக்கு மூளை ஆய்வு என்றால் வி. எஸ். ராமச்சந்திரன்தான். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், ஒரு கண்ணாடியையும் அட்டைப் பெட்டியையும் வைத்து இல்லாத கையின் வலியை ஆற்றியவர். அவர் கதையில் உள்ள எளிமை இந்தக் கதையில் இல்லை. இது பெரும் பணமும் பெரும் இயந்திரமும் வேண்டிய வேலை. அந்தப் பணம்தான் மறுபடி எங்கள் முன்கூடத்துக்கு வந்தது.

மருமகன் கூகுளில் தேடி, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். ஒவ்வொருவருக்கும் எஃப்எம்ஆர்ஐ எடுத்து, அவரவர் மூளையில் சரியான புள்ளியைக் கணித்து, ஐந்தே நாளில் முடிக்கிறார்கள். "மாமா, இங்க செய்யறவங்க டேப் வச்சி அளக்கறாங்களாம், தையக்கடையில மாதிரி. அங்க படம் பாத்துச் செய்யறாங்க. நெலத்த வித்துட்டுப் போயிடலாமா?" நிலம் என்று அவன் சொன்னது தாத்தா தோட்டத்து நஷ்டஈட்டில் வாங்கிப் போட்ட கால் ஏக்கர். தோட்டம் செம்பனையாகி, நாங்கள் வெளியேறியபோது எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

மார்க் ஜார்ஜ் குழு 1995இல் மருந்துக்கு மசியாத ஆறு நோயாளிகளுக்கு இடது நெற்றிப் பகுதியில் தினமும் காந்தத் துடிப்பு கொடுத்துத் தொடங்கி வைத்தது. அப்போது இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டு வைத்திய அளவைதான் இருந்தது: கட்டைவிரல் துடிக்கும் இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் போ. எல்லாத் தலையும் ஒரே அளவா? பலருக்குச் சுருள் தவறான இடத்தில் விழுகிறது என்று பிற்பாடு படமெடுத்துப் பார்த்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் 301 பேரிடம் நடந்த சோதனைக்குப் பிறகு 2008இல் அமெரிக்க அரசு இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. 2012இல் மைக்கேல் ஃபாக்ஸ் குழு ஒன்றைக் கண்டது. மூளையின் நடு ஆழத்தில், மூக்கின் வேருக்குப் பின்னால், துயரத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. ஹெலன் மேபர்க் பல ஆண்டு ஆராய்ந்த இடம். சுருள் அத்தனை ஆழம் போகாது. ஆனால் நெற்றிப் பகுதியில் எந்தப் புள்ளி ஏறும்போது அந்த ஆழப்பகுதி இறங்குகிறதோ அந்தப் புள்ளியைத் தட்டியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. கோடி வீட்டுக்காரரை எழுப்ப எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற கணக்கு இது. ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழு இதை வைத்து ஐந்து நாள், நாளுக்குப் பத்து அமர்வு, அமர்வுக்கு 1800 துடிப்பு என்று கொடுத்தது. முதலில் 21 பேரில் 19 பேருக்கு நோய் தணிந்தது. பிறகு போலிச் சுருளோடு ஒப்பிட்டு 29 பேரிடம் செய்தபோது, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் போலி பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் தணிந்தது. 2022இல் அதற்கும் அனுமதி கிடைத்தது.

போலிச் சுருள் என்பது முக்கியம். காந்த வைத்தியத்துக்குப் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. 1784இல் பாரிஸில் மெஸ்மரின் 'உயிர்க்காந்தம்' பற்றி விசாரிக்க அரசர் அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். நோயாளிகளின் கண்ணைக் கட்டினார்கள். காந்தம் கொடுத்ததாகச் சொன்னால் துடித்தார்கள், கொடுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் சும்மா இருந்தார்கள். அதோடு மெஸ்மர் கதை முடிந்தது. எங்கள் முனீஸ்வரர் கோயில் பூசாரியின் கைக்கும் ஒரு பலன் இருந்தது. அதை நான் கேலி செய்யமாட்டேன், பார்த்திருக்கிறேன். ஆனால் நிலத்தை விற்பதற்கு முன்னால் கண்ணைக் கட்டிச் சோதித்த கணக்கைத்தான் நான் கேட்பேன்.

கேட்டபோது கிடைத்தது இது. ஸ்டான்ஃபோர்டு முறையில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன: இடம், மொத்தத் துடிப்பின் அளவு, ஒரு நாளில் எத்தனை தடவை என்பது. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் முடியாது. இங்கிலாந்தில் 255 பேரிடம் நடந்து 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த சோதனை வேறொன்றைக் கேட்டது. எஃப்எம்ஆர்ஐ இணைப்பைப் பார்த்துப் புள்ளி குறித்தவர்களுக்கும், சாதாரண மூளைப்படம் மட்டும் பார்த்துக் குறித்தவர்களுக்கும் இருபத்தாறு வாரத்தில் என்ன வித்தியாசம்? இரு தரப்பும் தேறினார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதில் போலிச் சுருள் குழு கிடையாது. அதனால் தேறியது முழுக்கச் சுருளால்தான் என்றும் சொல்ல முடியாது. துடிப்பு முறையும் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. ஆனாலும் விலையுயர்ந்த அந்தப் படம்தான் உயிர்நாடி என்ற நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல குட்டு.

விஞ்ஞானத்துக்கு இந்தச் சேர்க்கை தந்தது மிகப் பெரிது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேட்டிலிருந்து இறங்கிக் கதவைத் தட்ட வழி கிடைத்தது. ஆனால் நோயாளிக்கு அந்தப் படம் இன்னும் நிலத்தின் விலை பெறவில்லை என்பது என் கணக்கு. மருமகனிடம் அப்படியே சொன்னேன். "வித்துட்டா திரும்ப வாங்க முடியாது. இங்க இருக்கறதையே மொதல்ல பாப்போம்." அவனுக்கு மனம் ஒப்பவில்லை. "நீங்க சிக்கனம் பாக்கறீங்க மாமா" என்றான். இருக்கலாம்.

அக்காவிடம் வேறு மாதிரி சொன்னேன். கரண்டுதான்க்கா, ஆனா உள்ளயே பொறக்கற கரண்டு. மயக்கம் தரமாட்டாங்க, முழிச்சிக்கிட்டே இருப்ப. வலிப்பு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா இல்லவே இல்லன்னு சொல்லமாட்டேன். தலையில இரும்பு இருந்தா கூடாது. நீ 'போதும்'னா அந்த நிமிஷம் நிறுத்துவாங்க. கடைசி வரியை இரண்டு தடவை சொல்லவைத்தாள். பிறகு, "வாயில எதாவது வப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆயர் குரோ சாவடி வழியாக நெடுஞ்சாலை ஏறி, கோலாலம்பூருக்குக் காடியில் போனோம். வழியில் பசியாற நிறுத்தியபோது அவள் எதையும் தொடவில்லை. கிளினிக்கில் துணித்தொப்பி ஒன்றை மாட்டி, டேப்பால் காதுக்குக் காது, மூக்கிலிருந்து பிடரி என்று அளந்து மையால் புள்ளி வைத்தார்கள். தையக்கடையேதான். காதில் அடைப்பான் கொடுத்தார்கள். முதலில் துடிப்பின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும், வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் அந்த இளம் மருத்துவர். சுருளை இடது பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை. டக். அக்காவின் கட்டைவிரல் குதித்தது.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயதிலிருந்து வெட்டுக்கத்தியைத் தள்ளிய விரல், நகத்தோரம் இன்னும் காய்ப்பு இருக்கிறது.

"நான் ஆட்டல தம்பி" என்றாள்.

"தெரியும்க்கா."

"இன்னொரு தரம் செய்யச் சொல்லு."

மருத்துவர் செய்தார். மறுபடி குதித்தது. அவள் என்னைப் பார்த்தாள். பயமில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவளே அவரிடம் மலாயில் கேட்டாள்.